சுவரொட்டியை வரைகிறவருக்கு இடம் விடுங்கள்: கோலாலம்பூர்த் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் ஏற்பாட்டுக் குழுவினருக்கும் வணக்கம்.

கோலாலம்பூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் ஆண்டு முழுக்கத் தமிழ் நிகழ்ச்சிகள் நடந்துகொண்டே இருக்கின்றன. பொங்கல் விழா, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், பட்டிமன்றம், நூல் வெளியீடு, பரதநாட்டிய அரங்கேற்றம், தமிழ்ப்பள்ளிக்கு நிதி திரட்டும் விருந்து என்று எதற்கும் குறைவில்லை. இவற்றை நடத்துகிறவர்கள் நீங்கள். வேலை முடிந்த கையோடு கூட்டத்துக்கு ஓடி, சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு, மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அலைந்து இதையெல்லாம் செய்கிறீர்கள். அந்த உழைப்பை ஊருக்கு அறிவிக்கும் சுவரொட்டியைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஓவியன் இல்லை. செந்தூலில் குடியிருக்கிறேன், கணக்கு எழுதுவது தொழில். ஆனால் சுவரொட்டி என்றால் எனக்கு உயிர். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருப்பதை நின்று படிப்பேன். அச்சுக்கலை பற்றிய புத்தகம் எங்கே கிடைத்தாலும் வாங்குவேன். பழைய தாள்களை யாராவது தூக்கிப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய் வாங்கி வருவேன். இந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதியாகப் பட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவரொட்டி ஒரு கலைப்படைப்பு. அதைச் செய்கிறவர் ஒரு கலைஞர். மேடையில் ஆடுகிறவருக்கும் பாடுகிறவருக்கும் நீங்கள் தருகிற மரியாதையை அவருக்கும் தாருங்கள். அவருக்கு நேரம் வேண்டும், தாளில் இடம் வேண்டும், மூலையில் அவர் பெயர் வேண்டும்.

இப்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது யாரோ ஒருவர் ஞாபகப்படுத்துவார். அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் விவரம் போகும். பின்னாலேயே ஒவ்வொன்றாகப் படங்கள் போகும்: சிறப்பு விருந்தினர், டத்தோ, நன்கொடையாளர், தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், இளைஞர் பிரிவுத் தலைவர். எல்லாம் வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்கள். ஒன்று கடப்பிதழுக்கு எடுத்தது, ஒன்று கல்யாண வீட்டில் எடுத்தது. வரிசைகட்டி ஒட்டிய பிறகு மிச்சம் இருக்கும் இடத்தில்தான் நிகழ்ச்சியின் பெயர் உட்காரும். நாட்டியம் ஆடப்போகும் பெண்ணின் படம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஓர் இளம் வடிவமைப்பாளர் இருக்கிறார். ஓர் அமைப்பு தன் இசை நிகழ்ச்சிக்காக அவரிடம் சுவரொட்டி கேட்டது. அந்தத் தங்கை பல இரவுகள் உட்கார்ந்து, நாதஸ்வரத்தின் விரிந்த வாயான அணசிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளிவருவது போல வரைந்து கொடுத்தார். கருநீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து, வேறு ஒன்றும் இல்லை. பார்த்தபோது எனக்கு வாயடைத்துப் போனது. அச்சாகி வந்த தாளில் நாதஸ்வரம் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி ஓரத்தில் கிடந்தது. மற்ற இடமெல்லாம் முகங்கள். அவர் அதன் பிறகு எந்த அமைப்புக்கும் வரைந்து கொடுப்பதில்லை. நமக்கு நேர்ந்த நஷ்டம் அது.

பிரமுகர்களை மதிப்பது நம் பண்பு. அதை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. விழா மலர் இருக்கிறது, மேடைத் திரை இருக்கிறது, வரவேற்புரை இருக்கிறது, மாலையும் பொன்னாடையும் இருக்கின்றன. அங்கெல்லாம் அவர்களை நன்றாகவே கொண்டாடலாம். சுவரொட்டிக்கு வேலை வேறு. அதைப் பார்க்கிறவர் நின்று பார்ப்பதில்லை. சிக்னலில் மோட்டார் சைக்கிளில் காத்திருப்பவரும், சாப்பாட்டுக் கடையில் காசு கொடுக்க நிற்பவரும் இரண்டு மூன்று விநாடி கண்ணை ஓட்டுவார்கள், அவ்வளவுதான். இன்றைக்குப் பாதிப் பேர் அதைச் சுவரில் பார்ப்பதே இல்லை, உள்ளங்கை அகலக் கைப்பேசித் திரையில் பார்க்கிறார்கள். ஏ2 தாளில், அதாவது 42 சென்டிமீட்டர் அகலமும் 59.4 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தாளில் ஓரளவு தெரிகிற முகம்கூட, அந்தத் திரையில் கடுகளவு ஆகிவிடும். அப்படியானால் அந்த விருந்தினருக்கும் அதில் பெருமை கிடைக்கவில்லை.

உலகத்தின் மிகப் புகழ்பெற்ற சுவரொட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1891-இல் பாரிஸில் மூலான் ரூஜ் என்ற நடன அரங்கத்துக்காகத் துலூஸ் லோத்ரெக் வரைந்தது. ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் இருக்கும். நடுவில் லா கூலு என்ற நடனக்காரி, வெள்ளைப் பாவாடை சுழல ஒரு காலைத் தூக்கி ஆடுகிறாள். முன்னால் அவளோடு ஆடும் மெலிந்த மனிதர் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் போல நிற்கிறார். பின்னால் தொப்பி வைத்த பார்வையாளர்கள், எல்லாரும் ஒரே கறுப்புப் பட்டையாக. அவர்களில் பாரிஸின் பெரிய மனிதர்களும் இருந்திருக்கலாம். லோத்ரெக் ஒருவருக்கும் முகம் வரையவில்லை. அந்தக் கறுப்பு இருப்பதால்தான் அவள் பாவாடையின் வெள்ளை அப்படிக் கண்ணைப் பறிக்கிறது. உண்மையில் அந்த வெள்ளையில் பெரும்பகுதி மை படாத வெறும் தாள். மேலே அரங்கத்தின் பெயர் மூன்று முறை அடுக்கி எழுதியிருக்கிறது, ஆனால் மூன்றுக்கும் சேர்த்து முதலெழுத்து ஒன்றே ஒன்று, பெரிதாக. தெருவில் போகிறவன் ஒரே பார்வையில் இடம் எது, யார் ஆடுகிறார்கள் என்பதைப் பிடித்துக்கொள்வான். ஒரு பட்டிமன்றத்துக்கோ அரங்கேற்றத்துக்கோ இதற்கு மேல் என்ன வேண்டும்?

லோத்ரெக்குக்கு முன்னால் வழி போட்டவர் ழூல் ஷெரே. அந்தக் காலத்தில் நிறச் சுவரொட்டி கல்லில் பிறந்தது. 1796 வாக்கில் ஜெர்மனியில் ஸெனஃபெல்டர் கண்டுபிடித்த முறை அது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கரிக்கோலால் வரைவார்கள். கல்லை ஈரமாக்கிவிட்டு மையை உருட்டினால், எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கல். ஷெரே மூன்று நான்கு கற்களிலேயே ஒரு முழு வானவில்லைக் கொண்டுவந்துவிடுவார். ஏறத்தாழ ஆயிரம் சுவரொட்டிகள் செய்தார். 1890-இல் பிரெஞ்சு அரசு அவருக்கு லெஜியன் ஆஃப் ஆனர் விருது கொடுத்தது. தெருச் சுவரில் ஒட்டுகிற தாளை வரைந்தவருக்கு நாட்டின் உயரிய விருது, அதுவும் 130 ஆண்டுகளுக்கு முன்பே! நம் ஊரில் சுவரொட்டி வரைகிறவர்களில் ஒருவருக்காவது மேடையில் ஒரு பொன்னாடை போர்த்தியதைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நமக்கும் இதே கல்லச்சில் பெரிய வரலாறு இருக்கிறது. ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் போட்டுத் தன் லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடு வீடாகக் கொண்டுசேர்த்தார். அப்புறம் கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு (1898–1976). நாடக மேடைத் திரைகளை வரைந்த கை அது. அவரும் அவர் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாயின. என் பாட்டி வீட்டுப் பூசை மாடத்தில் இருந்த முருகன் அப்படி ஒரு காலண்டர் முருகன்தான். ஆண்டு முடிந்ததும் தேதித் தாள்கள் போய்விடும், முருகனுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள். தோட்டத்து லயங்களில் வளர்ந்த உங்களில் பலருக்கும் இப்படி ஒரு படம் நினைவில் இருக்கும். யார் வரைந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ஆனால் மயிலின் கழுத்து நீலமும் அந்த முகத்தின் சாந்தமும் இன்றைக்கும் கண்ணில் நிற்கின்றன.

நம் நாட்டிலேயே அச்சான ஒன்றையும் சொல்கிறேன். கிள்ளானில் ஒரு நண்பரின் வீட்டில் பழைய நாடகச் சுவரொட்டி ஒன்று இருக்கிறது, தோட்டத்து மண்டபம் ஒன்றில் போட்ட நாடகத்துக்கானது. இரண்டே நிறம், சிவப்பும் கருநீலமும். கீழே இருக்கும் விவரமெல்லாம் அச்சுக் கோத்தது: இடம், நேரம், நுழைவுக் கட்டணம் ஒரு வெள்ளி, சிறுவர்களுக்கு ஐம்பது காசு. தலைப்பை மட்டும் யாரோ கையால் எழுதிப் பிளாக் எடுத்திருக்கிறார்கள். முதல் எழுத்து ‘வீ’. அதன் மேல் சுழி ஒரு வாளின் கைப்பிடியாகச் சுருண்டு, அங்கிருந்து வாளின் அலகு தலைப்பு முழுவதற்கும் மேலே ஒரே கோடாக ஓடுகிறது. இடையில் வரும் ஒற்றெழுத்துகளின் புள்ளிகளைத் தனியாக வைக்கவில்லை. அந்த அலகிலிருந்து சொட்டும் சிவப்புத் துளிகளே புள்ளிகள். நான் அதை முதலில் பார்த்தபோது கீழே வைக்க மனமே வரவில்லை. எழுத்தை வாசித்து முடிப்பதற்குள் கதை என்ன மாதிரி என்று புரிந்துவிடுகிறது. தாளின் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கிறது. எழுதியவரின் பெயர் இல்லை. எவ்வளவோ விசாரித்தும் அவர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

எழுத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் நம் சுவரொட்டிகளில் என் மனதை அதிகம் நோகடிப்பது அதுதான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒரு வரியில் அடங்குவது தமிழில் அடங்காது. அச்சகத்தில் என்ன செய்கிறார்கள் என்றால், எழுத்தைப் பக்கவாட்டில் பிடித்து நசுக்கி அதே இடத்தில் திணிக்கிறார்கள். நசுக்கும்போது செங்குத்துக் கோடுகள் மெலிந்துபோகும், கிடைக்கோடுகள் தடித்தே இருக்கும். ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பத்தடி தள்ளி நின்றால் ‘ண’ எது, ‘ன’ எது என்று தெரியாது. அடுத்தது வரி இடைவெளி. ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியையே தமிழுக்கும் வைத்தால், மேல் வரியில் இருக்கும் ‘கூ’வின் வால் கீழ் வரியில் இருக்கும் ‘கீ’யின் சுழியில் போய் இடிக்கும். தமிழுக்கு மேலும் கீழும் காற்று வேண்டும். எழுத்தைச் சிறியதாக்கி, வரியைத் தாராளமாக விட்டாலே தாள் மூச்சு விடும். நீளமான தலைப்பை இரண்டு வரியாக மடித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

உடைந்த எழுத்து இன்னும் மோசம். சில மென்பொருள்களில் தமிழைக் கொண்டுபோய் ஒட்டினால் ‘கொ’வின் கொம்பு தனியே, கால் தனியே நிற்கும். புள்ளி பக்கத்து எழுத்துக்குத் தாவிவிடும். கணினி முன் உட்கார்ந்திருக்கும் தம்பிக்குப் பல நேரம் தமிழ் வாசிக்கத் தெரியாது. மலாய்க்காரராக இருப்பார், சீனராக இருப்பார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் படத்தைப் போல அதை ஒட்டுகிறார். அடோபி மென்பொருள்களில் ‘வேர்ல்ட்-ரெடி’ என்ற அமைப்பு ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் ஒழுங்காகக் கூடும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். அச்சுக்குப் போகும் முன் தமிழ் தெரிந்த ஒருவர் தாளை முழுதாக வாசித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சடிக்க வேண்டும் என்று உங்கள் குழுவில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். தமிழ் விழாவின் சுவரொட்டியில் தமிழ் உடைந்து கிடப்பதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

நல்ல எழுத்துரு இல்லை என்ற சாக்கும் இன்றைக்குச் செல்லாது. கணினித் தமிழில் இந்த நாடு பின்தங்கிய நாடு இல்லை. கணினியில் தமிழைத் தட்டச்சு செய்ய உதவும் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியர். ஆப்பிள் கருவிகளில் இருக்கும் இணைமதி எழுத்துரு அவர் செய்தது. காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளக்கூடிய எழுத்துருக்களும் பல வந்துவிட்டன. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரன் ஒன்பது தடிமன்களில் கிடைக்கிறது. ஒரே குடும்பத்தை வைத்தே தலைப்பு, நேரம், இடம் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டிவிடலாம். இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த கவிவாணர், கையால் எழுதியது போலச் சாய்ந்து நிற்கும். கவிதை நிகழ்ச்சிக்கு அதைப் போட்டுப் பாருங்கள். தகவல் நிறைந்த தாளுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் இருக்கிறது. ஒரு தாளில் ஐந்து எழுத்துரு வேண்டாம், ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

ஆனாலும் எழுத்துருவை விட எனக்குப் பெரிய ஆசை, தலைப்பைக் கையால் எழுத ஆள் வேண்டும் என்பது. 1980-இல் போலந்தில், கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது யெர்ஸி யானிஷெவ்ஸ்கி என்ற இளம் வடிவமைப்பாளர் சாலிடாரிட்டி இயக்கத்தின் பெயரைச் சிவப்பில் எழுதிக் கொடுத்தார். அந்த எழுத்துகளைப் பாருங்கள்: ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கூட்டமாக நடந்து வருகின்றன. ஓர் எழுத்தின் தலையில் போலந்தின் கொடி பறக்கிறது. தனியாகப் படம் ஒன்றும் இல்லை, எழுத்தே ஊர்வலம் போகிறது. போலந்து மொழி தெரியாத எனக்கும் அது புரிகிறது. நம் எழுத்துகளுக்கு இதைச் செய்யும் வலிமை நிறையவே இருக்கிறது. ‘மு’வில் கீழே வளைந்து மேலேறும் கோட்டை வேலாக்கலாம், ‘ஞா’வை உட்கார்ந்து வாசிக்கும் ஒரு பிள்ளையாக்கலாம். தமிழைப் போல வளைவும் சுழியும் இவ்வளவு கொண்ட எழுத்து ஓர் ஓவியனுக்குக் கிடைத்தால் அவன் விடுவானா?

போலந்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். போர் அழித்த நாடு அது. காகிதமும் மையும் மட்டமாகக் கிடைத்த காலத்தில், தோமஷெவ்ஸ்கி, லெனிட்சா போன்றவர்கள் தூரிகையாலும் கிழித்து ஒட்டிய தாளாலும் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் சுவரொட்டி செய்தார்கள். 1964-இல் லெனிட்சா ஓர் இசை நாடகத்துக்குச் செய்ததில் திறந்த வாய் ஒன்றுதான் இருக்கிறது. அதிலிருந்து சிவப்பு அலைகள் அலறல் போல விரிந்துகொண்டே போகின்றன. 1966-இல் வார்சாவில் சுவரொட்டிக்கென்றே அனைத்துலகக் கண்காட்சி தொடங்கியது. 1968-இல் வில்லனோவ் என்ற இடத்தில் சுவரொட்டிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதே பத்தாண்டில் ஜப்பானில் கமெகுரா யூசாகு, 1964 தோக்கியோ ஒலிம்பிக்ஸுக்காகச் செய்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: வெள்ளைத் தாளில் பெரிய சிவப்பு வட்டம், அதன் கீழே தங்க நிறத்தில் ஐந்து வளையம், ஊரும் ஆண்டும். காசு நிறைய இருந்த இடத்திலும் சரி, இல்லாத இடத்திலும் சரி, ஒரே ஒரு எண்ணத்தை எடுத்து அதற்கு முழுத் தாளையும் கொடுத்திருக்கிறார்கள். வரைந்தவர்களின் பெயரும் நமக்குத் தெரிகிறது.

நம் நிலைமையை இதோடு வைத்துப் பார்க்கிறேன். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்தது இதே கோலாலம்பூரில். தனிநாயகம் அடிகள் முன்னின்று நடத்தினார். அங்கே படித்த கட்டுரைகள் தொகுதிகளாக வந்து நூலகங்களில் இருக்கின்றன. அந்த மாநாட்டை ஊருக்கு அறிவித்த தாள்கள் எங்கே? அழைப்பிதழ் எப்படி இருந்தது, அதன் எழுத்தை யார் எழுதினார், என்ன நிறம்? 1987-இலும் 2015-இலும் அதே மாநாடு திரும்ப இங்கே வந்தபோது செய்த சுவரொட்டிகளை யார் வைத்திருக்கிறார்கள்? இந்த மடலைப் படிக்கும் உங்களில் யாராவது ஒருவர் வீட்டு மேல் அலமாரியில் ஒரு படி இருக்க வாய்ப்பிருக்கிறது. தயவுசெய்து தேடிப் பாருங்கள். நூல்களும் இதழ்களும் வெளியிடுகிறவர்கள் தேசிய நூலகத்துக்குப் படிகள் அனுப்ப வேண்டும் என்று 1986-இலேயே சட்டம் வந்துவிட்டது, அதனால் புத்தகங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு நாள் நிகழ்ச்சிக்கு அச்சடித்த தாளை நாமும் வைத்துக்கொள்ள வேண்டும்.

வைத்துக்கொள்வது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு முறையும் சுவரில் ஒட்டாத படிகள் ஐந்தை எடுத்து வையுங்கள். பின்பக்கம் ஓர் ஓரத்தில் மென்மையான பென்சிலால் தேதி, இடம், வரைந்தவர், அச்சகம், எத்தனை படி அடித்தது என்று எழுதுங்கள். சுருட்ட வேண்டாம், மடிக்கவே வேண்டாம், பெரிய அட்டைக் கோப்பில் தட்டையாக வையுங்கள். செலோடேப் படவே கூடாது, அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளைத் தின்றுவிடும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குத் தரையில் வைத்தால் பூசணம் பிடிக்கும், அதனால் மேல் தட்டில். கணினிக் கோப்பையும் மறக்காமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒன்றை மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குக் கொடுக்க முடியுமா என்று விசாரிக்கலாம். 1956 முதல் இருக்கும் துறை அது, நம் சமூகத்தின் எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

காசைப் பற்றி ஒரு வார்த்தை. வரைகிறவருக்குக் கொடுங்கள். “தமிழுக்காகச் செய்து கொடு தம்பி” என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அதே நாளில் மேடை அலங்காரத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது நியாயம் இல்லை. முழுத் தொகை முடியாத சிறிய அமைப்பாக இருந்தால் முடிந்ததைக் கொடுங்கள், அவர் பெயரை அச்சிடுங்கள், நிகழ்ச்சிக்கு அழைத்து முன் வரிசையில் உட்கார வையுங்கள். நேரமும் காசு மாதிரிதான். மண்டபம் பதிவு செய்த அன்றைக்கே வடிவமைப்பாளரிடம் பேசிவிட்டால் அவருக்கு யோசிக்க நாள் கிடைக்கும். அவரிடம் போகும்போது படங்களை அனுப்ப வேண்டாம். நிகழ்ச்சி எதைப் பற்றியது, யார் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். குழுவில் ஒருவர் மட்டும் அவரோடு பேசட்டும். ஆளாளுக்கு அழைத்து “அந்தச் சிவப்பை மாற்று, இந்தப் படத்தைப் போடு” என்றால் எந்தக் கலைஞனுக்கும் கை ஓடாது.

பெரிய செலவு வேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். கிள்ளான் நண்பரின் தாளில் இருப்பது இரண்டு நிறம்தான். நிறத் தாளில் ஒரே ஒரு மையால் சில்க் ஸ்கிரீன் அடித்தால் அவ்வளவு எடுப்பாக இருக்கும், கையால் அடித்த தாளில் மை திட்டுத்திட்டாக உட்காரும் அழகே தனி. பினாங்கு ஜார்ஜ் டவுனைப் பாருங்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். 2012-இல் எர்னெஸ்ட் ஸகாரேவிச் என்ற ஓவியர் பழைய சுவர்களில் வரைந்த பிறகு, ஆர்மீனியன் தெருவில் நிஜ மிதிவண்டியோடு இருக்கும் அந்த இரண்டு குழந்தைகள் பக்கத்தில் நின்று படம் எடுக்க மக்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள். சுவரில் இருக்கும் படத்துக்கு இந்த நாட்டில் ரசிகர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? லெபோ பாசார் பக்கம் நடந்தால் கையால் எழுதிய பழைய தமிழ்க் கடைப் பலகைகள் இன்னும் சில கண்ணில் படும். தலைப்பு எழுதிப் பழக விரும்பும் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அங்கே கூட்டிப்போய், அந்த எழுத்துகளைத் தாளில் பார்த்து வரையச் சொல்லுங்கள். கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, தூரிகை எங்கே எடுத்து வைக்கப்பட்டது என்று கை தானே கற்றுக்கொள்ளும்.

இந்த நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பேச்சுப் போட்டியும் திருக்குறள் ஒப்புவித்தலும் எல்லா அமைப்புகளும் நடத்துகின்றன, நல்லது. ஒரே ஓர் ஆண்டு, ஒரே ஓர் அமைப்பாவது தமிழ் எழுத்து வரையும் போட்டி நடத்திப் பாருங்கள். வென்ற எழுத்தை அந்த ஆண்டுப் பொங்கல் சுவரொட்டியின் தலைப்பாகவே போட்டு, கீழே அந்தப் பிள்ளையின் பெயரையும் பள்ளியின் பெயரையும் அச்சிடுங்கள். அந்தக் குடும்பம் முழுக்க நிகழ்ச்சிக்கு வந்து நிற்கும்.

இன்னொரு வேண்டுகோள், இது எனக்கு ரொம்ப நாள் ஆசை. தேசியக் கலைக்கூடம் 1958 முதல் இந்த ஊரில் இருக்கிறது. மலேசியத் தமிழ்ச் சுவரொட்டிகளை, நாடகம், சினிமா, தொழிற்சங்கம், கோயில் திருவிழா, பள்ளி விழா, தேர்தல் எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு கண்காட்சியாக அங்கே வைக்க வேண்டும். அவசரகாலத்தில், 1948-க்கும் 1960-க்கும் இடையில், அரசாங்கம் நான்கு மொழிகளில் அடித்து ஒட்டிய தாள்களில் தமிழும் இருந்தது; அதன் எழுத்து எப்படி இருந்தது என்று நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும். ஓர் அமைப்பால் இது நடக்காது. நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து கலைக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் தொடங்கும். முதலில் தாள்கள் வெளியே வர வேண்டும். உங்கள் அலுவலக அலமாரியைச் சுத்தம் செய்யும்போது பழைய சுவரொட்டி, அழைப்பிதழ், துண்டறிக்கை எது கிடைத்தாலும், கறையான் அரித்திருந்தாலும் சரி, குப்பையில் போடாதீர்கள். எனக்குச் சொல்லி அனுப்பினால் நானே வந்து, உங்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்து, மூலத்தை உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு மின்படியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காசு எதுவும் வேண்டாம்.

உங்களின் அடுத்த நிகழ்ச்சிக்கான தாள் இன்னும் அச்சகத்துக்குப் போகவில்லை என்றால், இந்த மடலைக் குழுக் கூட்டத்தில் ஒரு முறை வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வரைந்தவரின் பெயர் மூலையில் இருக்கிறதா என்று நான் வந்து பார்ப்பேன்.

அன்புடன்,
சுவரொட்டி ரசிகன் ஒருவன்
செந்தூல், கோலாலம்பூர்